வாப்பாவின் வீட்டுக் கணக்கும் புது ரப்பும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. சோனகத் தெருவில் இருக்கிறவர்களும், புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று இன்னும் வெளியே இருக்கிற எங்கட சொந்தங்களும், எங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றாரும் ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஆசிரியர்கள். ஒருவர் வரலாறு, மற்றவர் கணிதம். இரண்டு பேருக்கும் சேர்த்து 2013 இல் வாங்கிய ஒரே ஒரு லப்ரொப். அதில்தான் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்த உரைகள், பள்ளிவாசலுக்கு அடித்துக் கொடுத்த கடிதங்கள் எல்லாம் இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டியபோது அதை வைத்துத்தான் பாடம் செய்து பிள்ளைகளுக்கு அனுப்பினோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று வந்தபோது அதன் பற்றரி ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. கரண்ட் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்து எழும்பி, நடுச்சாமத்தில் வினாத்தாள் அடித்திருக்கிறோம். 'எம்' எழுத்து அழிந்துபோய், மூடி ஒரு பக்கம் உடைந்து, செலோரேப் ஒட்டித்தான் நின்றது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அதில் அடிக்கலாம். விரலுக்கு அந்தக் கீபோட் அப்படிப் பழகியிருந்தது.

2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாமா என்று ஸ்ரான்லி வீதியில் கணினி திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோனோம். "சேர், இதுக்கு அது ஏறாது" என்றார். விண்டோஸ் 11க்கு ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். எங்கட லப்ரொப்பில் அது இல்லை. அதோடு ஹாட் டிஸ்க்கும் 'டக் டக்' என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. "இருக்கிறதையெல்லாம் கெதியா வேற இடத்துக்கு எடுங்கோ ரீச்சர், இது எந்த நேரமும் போகும்" என்று மற்றவருக்கும் சொல்லி அனுப்பினார்.

சில மாதம் கழித்து, சீட்டு எடுத்த காசில் புதிது வாங்கினோம். லப்ரொப் வாங்கத்தான் போனோம். கடையில் மகள் பிடித்த பிடிவாதத்தில், ரப் மாதிரியும் லப்ரொப் மாதிரியும் பாவிக்கக்கூடிய ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம். திரையைத் தனியாகக் கழற்றலாம். கீபோட் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் நிமிர்த்தி வைக்கக் கால் ஒன்று. திரையில் எழுத ஒரு பேனை.

முதற் கிழமை பெரும் கரைச்சல். பாடசாலைப் புரொஜெக்ரருக்கு அந்தப் பழைய நீல நிற வீஜிஏ வயர்தான். ரப்பில் சின்னதாக ஒரே ஒரு யூஎஸ்பி-சி துவாரம். அதற்கு ஒரு அடப்ரர் வாங்க வேண்டியதாயிற்று. பழைய பாடங்களை எழுதி வைத்திருந்த சீடிகளைப் போட இடமே இல்லை. மடியில் வைத்து அடிக்கப் போனால் கால் மடங்கித் திரை பின்னால் விழுந்தது. கீபோட்டின் சாவிகள் மெல்லியவை. பழைய பழக்கத்தில் ஓங்கி அடித்தால் எழுத்து இரட்டிப்பாக விழுந்தது. "இதுக்கு அந்தப் பழசே பரவாயில்லை" என்று எங்களில் ஒருவர் சொல்லாத நாள் இல்லை.

இதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். சரியாகியும் விட்டது. பழக்கத்தால் தீராத ஒன்று எட்டாம் நாள் வந்தது.

பழைய லப்ரொப்பில் 'வாப்பா' என்று ஒரு போல்டர் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு வேர்ட் கோப்பு. 2016 தொடக்கம் மூன்று நோன்பு காலங்களில், தராவீஹ் முடிந்து வந்து வாப்பா சொல்லச் சொல்ல நாங்கள் அடித்தது. 1990 ஒக்டோபர் 30 க்கு முன் எங்கட தெருவிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன தொழில், வீட்டுக்கு முன்னால் என்ன மரம், யார் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர், யாருடைய வளவு யாருடைய வளவோடு ஒட்டியது என்று வீடு வீடாக எழுதியது. வாப்பா அதற்கு வைத்த பெயர் 'வீட்டுக் கணக்கு'. 112 வீடுகள் எழுதி முடித்திருந்தார். மிச்சம் இருக்கும்போதே 2019 இல் வபாத்தானார்.

அந்த நாளைப் பற்றி எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியா கல்லூரிக்கு அருகே மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம். எங்கட வீட்டு உறுதி அலுமாரியிலேயே நின்றுவிட்டது. கையில் வந்தது பிள்ளைகளும் ஒரு உடுப்புப் பையும்.

திரும்பி வந்து காணி துப்புரவாக்கும்போதுதான் வாப்பாவுக்கு இந்தக் கணக்கு எழுதும் யோசனை வந்தது. உறுதியில் எல்லை எழுதுவது எப்படி? வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய வளவு என்று. அந்த இன்னார் யாரென்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மதில் விழுந்து, பற்றை மூடி, 20 வருடம் கழித்து வந்து நிற்கிறவனுக்கு எது தன்னுடைய கிணறு என்றே தெரியாது. "நான் இருக்கக்குள்ள எழுதிப் போட்டா பிறகு ஆரும் சண்டை பிடிக்கத் தேவல்ல" என்பார் வாப்பா.

எட்டாம் நாள் மகள்தான் புது ரப்பில் அந்தக் கோப்பைத் திறந்தாள். "உம்மா, மூத்தாப்பாட பைல் பழுதாப் போச்சு" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும். நடுவில் 1958, 1974 என்று வருடங்கள் மட்டும் சரியாக நின்றன. இரண்டு பேருக்கும் கை கால் ஓடவில்லை.

கோப்பு பழுதாகவில்லை. அது பாமினியில் அடித்தது. இலங்கையில் எங்கட வயது ஆசிரியர், எழுதுவினைஞர், அச்சகக்காரர் யாரைக் கேட்டாலும் பாமினி தெரியும். பாமினி என்பது ஓர் எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி; அவ்வளவுதான் பதிகிறது. அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் பாமினியின் வேலை. எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் போர்வை விலகி ஆங்கிலக் குப்பைதான் தெரியும். பன்னிரண்டு வருடமாக நாங்கள் தமிழில் எழுதினோம் என்று நினைத்தது முழுக்க ஒரு போர்வைக்குக் கீழே இருந்திருக்கிறது.

யூனிகோட் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். 1991 இல் வந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2008 இல் இலங்கையும் யூனிகோட்டை ஒட்டித் தமிழுக்கான தரத்தை வகுத்துக்கொண்டது. இப்போது நீங்கள் போனில் வாசிக்கிற இந்தப் பதிவும் யூனிகோட்தான். தெரியாமல் இல்லை. பழகிய விரலை மாற்ற மனம் வரவில்லை. "அடுத்த லீவில் பார்ப்போம்" என்று தள்ளித் தள்ளி வைத்தோம்.

பழைய லப்ரொப்பிலிருந்து பாமினி எழுத்துருவை எடுத்து ரப்பில் போட்டதும் கோப்பு பழையபடி தமிழில் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூடி வைத்திருக்கலாம். ஆனால் அன்றிரவு எங்களுக்கு ஒரு பழைய விசயம் நினைவுக்கு வந்தது.

2021 இல், வாப்பாவின் தங்கை, எங்கட மாமி, புத்தளத்தில் சுகமில்லாமல் இருந்தா. வாப்பாவுக்கு அடுத்தபடி அந்தத் தெருவை முழுக்கத் தெரிந்த ஆள் அவதான். விட்டுப்போன வீடுகளை மாமி சொல்லுவா என்ற எண்ணத்தில் அந்தக் கோப்பை மச்சானின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். 'மாஷா அல்லாஹ்' என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மாமிக்குப் பழையதைக் கிளற விருப்பமில்லை போல என்று நாங்களும் கேட்கவில்லை. 2023 இல் மாமி போய்ச் சேர்ந்தா.

இப்போது மச்சானுக்குப் போன் எடுத்துக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது போனில திறந்தா ஏதோ இங்கிலிஸ் எழுத்தாத்தான் வந்தது. ரீச்சர் ஆக்கள் அனுப்பினது, எங்களுக்குத்தான் விளங்கேல்லையாக்கும் எண்டு வெக்கத்தில கேக்கேல்ல. உம்மா ரெண்டு மூண்டு தரம் கேட்டவ, நானா என்ன எழுதியிருக்கார் எண்டு" என்றார்.

அவர் வெட்கத்தில் கேட்கவில்லை. நாங்கள் மரியாதை என்று நினைத்துக் கேட்கவில்லை. மாமியின் நினைவில் இருந்த வீடுகள் அவவோடு போய்விட்டன. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, எங்களைத் தவிர. புது ரப் வாங்கியிருக்காவிட்டால் இது எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது. பழைய லப்ரொப்பில் எல்லாம் ஒழுங்காகத்தானே தெரிந்துகொண்டிருந்தது!

அன்றைக்கே மாற்றத் தொடங்கினோம். பாமினியை யூனிகோட்டாக்க இலவசமாகவே வழிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் கன்வேர்ட்டர் போன்றவை பலருக்கும் தெரிந்தவை. என்எச்எம்மைப் போடப் போனபோது இன்னொரு தடை வந்தது. எங்கட ரப் 'எஸ் மோட்' என்ற நிலையில் வந்திருந்தது. அந்த நிலையில் மைக்ரோசொப்ற் ஸ்ரோரில் உள்ள மென்பொருட்கள் மட்டும்தான் ஓடும். விற்கும்போது அதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காசில்லாமல் அந்த நிலையிலிருந்து வெளியே வரலாம். ஆனால் வந்தால் திரும்பிப் போக முடியாது. இது புதுக் கதையும் இல்லை. 2012 ஒக்டோபரில் மைக்ரோசொப்ற் முதலாவது சேர்பேஸ் ரப்பை விற்பனைக்கு விட்டபோது, அதில் இருந்த விண்டோஸ் ஆர்ரியில் பழைய விண்டோஸ் மென்பொருட்கள் ஓடவே இல்லை. வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்றிக்கு நூற்றுக்கு நூறு சரியாக மாற்றத் தெரியாது. 'ர்' அடிக்கும்போது அரவுக்கு மேல் புள்ளி வைத்து அடிக்கிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். மாற்றியபின் அந்த இடங்களில் 'ர்' இல்லை, அரவும் புள்ளியும்தான் நிற்கும். 'ஹாஜியார்' என்று தேடினால் ஒரு ஹாஜியாரும் அகப்படமாட்டார். வாப்பா சொன்ன பெட்போட் லொறியை ஆங்கிலத்தில் அடித்திருந்தோம். அது வாயில் நுழையாத ஒரு தமிழ்ச் சொல்லாக மாறியிருந்தது. அதனால் ஒருவர் பழைய கோப்பை வாசிக்க, மற்றவர் ரப்பில் புதியதைப் பார்த்துத் திருத்தினோம். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் என்று பதினொரு நாள். சத்தமாக வாசிக்கும்போது வாப்பாவே வந்து சொல்வது போல இருந்தது. மகளும் பக்கத்தில் குந்தியிருந்து முழுவதையும் கேட்டாள். அவள் அந்தக் கணக்கைக் கேட்டது அதுதான் முதற் தடவை.

பெருநாள் லீவில் புத்தளம் போனோம். வாப்பாவின் தம்பி மனைவி, எங்கட சாச்சி, 80ஐத் தாண்டியவ. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குமேல் போகாதவ. பழைய லப்ரொப் என்றால் அவவுக்கு முன்னால் சுவர் மாதிரி மூடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மறுபக்கம் இருந்து நாங்கள் கேள்வி கேட்டு அடித்திருப்போம். இந்தத் தடவை கீபோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பை மட்டும் பாயில் கிடத்தினோம். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம். விரலால் தள்ளித் தள்ளித் தானே வாசித்தா. நாலாவது வீட்டில் நின்று, "இது பிழை. அவங்கட வீட்டு முன்னால நிண்டது வேம்பு இல்ல, முருங்கை. வேம்பு மற்றப் பக்கம்" என்றா.

பேனையைக் கையில் கொடுத்தோம். முதலில் கூச்சப்பட்டா. பிறகு ஒரு கோடு இழுத்தா. அது ஒழுங்கை. அதில் சின்னச் சின்னப் பெட்டிகள். அவை வீடுகள். ஒரு வட்டம் கிணறு. தையற்கடை, இரும்புக்கடை, கடைசி மூலையில் மாமி பிறந்த வீடு. அஸருக்கு அதான் கேட்கும்வரை நிமிரவில்லை. வாப்பாவின் கணக்கில் இல்லாத ஒன்பது வீடுகள் அன்று வந்தன. மூன்று இடங்களில் வாப்பா பிழையாகச் சொல்லியிருந்ததும் திருந்தியது. கீபோட் தெரியாத ஒரு மனிசி எழுதக்கூடிய கணினி இது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு திரை மடியிலிருந்து விழுகிறது என்று நாங்கள் குறை சொல்வதில்லை.

ஆனால் சாச்சி இருந்த இடத்தில் மாமியும் இருந்திருக்க வேண்டும். ஒரு கோப்பை நாலு வருடம் முன்னால் மாற்றியிருந்தால் இருவரும் ஒன்றாக இருந்து வாதாடியிருப்பார்கள்.

இந்த ஊருக்கு இது புதுப் பாடம் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் 2005 இல் நூலகம் என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறார்கள். எங்கட வீடுகளில் இருப்பவை நூல்கூட இல்லை. ஒரு பென்ட்ரைவில், ஒரு பழைய லப்ரொப்பில் கிடக்கிற கோப்புகள். அவற்றை யாரும் வந்து எரிக்கத் தேவையில்லை. ஹாட் டிஸ்க் நின்றாலே போதும்.

இப்போது வேண்டுகோள்.

பள்ளிவாசல், ஜனாஸா சங்கம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், காணி மீட்புக்காகக் கொடுத்த மனுக்கள், குடும்ப வரலாறு என்று எங்கட சமூகத்தில் 20, 25 வருடமாக அடித்தவற்றில் பெரும்பங்கு பாமினியில்தான் இருக்கும். புதுக் கணினியோ ரப்போ போனோ வாங்குவதற்கு முன், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள்:

1. முக்கியமான கோப்பு ஒன்றை உங்கள் போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் அது பாமினி அல்லது அதைப் போன்ற பழைய எழுத்துரு.

2. உடனே மாற்ற நேரமில்லை என்றால், பழைய கணினியிலேயே பிடிஎப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு பிடிஎப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும் என்பதால் எங்கே திறந்தாலும் தமிழ் தெரியும். தேடவோ திருத்தவோ முடியாது, வாசிக்கலாம்.

3. யூனிகோட்டுக்கு மாற்றினால் மாற்றியை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் பாருங்கள். பெயர், இலக்கம், எல்லை இவற்றை இரண்டு தரம் பாருங்கள்.

4. மூலக் கோப்பையும் பாமினி எழுத்துருவையும் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் மூன்று இடங்களில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

5. யாருக்காவது அனுப்பினால், "வாசிக்க முடிந்ததா?" என்று கேளுங்கள். உங்களுக்கு யாராவது அனுப்பி வாசிக்க முடியாவிட்டால், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

செய்யத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பென்ட்ரைவோடு எங்கட வீட்டுக்கு வாருங்கள். காசு வேண்டாம். தரம் 10 பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணினியே இல்லை, கொப்பியில் எழுதித்தான் வைத்திருக்கிறோம் என்றாலும் கொண்டுவாருங்கள். ரப்பின் கமராவால் படம் எடுத்துத் தருவோம். எழுதியதே இல்லை, வீட்டில் வயதான ஒருவர் இருக்கிறார் என்றால் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் ரப்பையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அங்கே வருவோம்.

அன்றைக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைத்தது; எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லை. இப்போது எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை. நேரம் இருக்கும்போதே எடுத்து வைப்போம்.

வாப்பாவின் வீட்டுக் கணக்கு இப்போது 121 வீடுகளில் நிற்கிறது. உங்கட வீடு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம். இந்தத் தடவை போனிலேயே திறக்கும். பிழை இருந்தால் திருத்துங்கள். விடுபட்ட வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.

வாப்பாவுக்காகவும் மாமிக்காகவும், திரும்பி வராமலேயே போன எங்கட எல்லாருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.